பரமத்தி வேலூர் வட்டாரச் சவர நுரை: ஒரு நுண்ணாய்வு

இத்துறையில் இதுவரை எவரும் ஆய்வு செய்ததில்லை. இப்படித் தொடங்காத கட்டுரைக்குக் கருத்தரங்கில் இடமில்லை. பதிவுக் கட்டணம் கட்டியவர்க்குச் சான்றிதழும் மதியச் சாப்பாடும் எப்படியும் உண்டு.

ரேசர்: ஜில்லெட் 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். முந்தைய ஆண்டு விற்றவை 51 ரேசர், 168 பிளேடு. போதும்.

பிரஷ்: முடி கொட்டும்.

நுரை: இதுவே நம் ஆய்வுப்பொருள். வேலூரில் இது இருவகைப்படும்: ஆற்றுத்தண்ணி நுரை, போர்த்தண்ணி நுரை. போர்த்தண்ணியிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெண்திரியாகிக் கிண்ண விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். கன்னத்துக்கு மிச்சம் வராது. "உப்புத்தண்ணில நொரை நிக்காது சாமி" (அப்புச்சி, வாய்மொழி, மேலுதட்டை இழுத்துப் பிடித்தபடி கூறியது, மகர ஒலிகள் ஐயத்திற்குரியவை). ஆற்றுத்தண்ணியிலோ, நனைத்த பிரஷை வட்டச் சோப்பில் நாலு சுற்றுச் சுற்றினால் நுரை வெண்ணெயாய்த் திரளும். பிளேடு இறங்கும்போது சரசரவென்று சத்தம் கேட்கும். பிறகு படிகாரம்: ஒரு கணம் எரிச்சல், அப்புறம் சுகம்.

காதுமடல் நுரை: அறிஞர் உலகம் புறக்கணித்த உட்பிரிவு. கண்ணாடிக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியும். வெற்றிலைக் கட்டு ஏலத்தில் துடைக்கப்படுவது முதல்வகை. கரூர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டுவது இரண்டாம் வகை. பாலத்துக்கு இப்பால் நாமக்கல் மாவட்டம், அப்பால் கரூர் மாவட்டம். பாலத்தின் நடுவில் காய்ந்த நுரை எந்த மாவட்டத்துக்குரியது? பிறந்த இடமே கணக்கு என்பது ஒரு சாரார் (டீக்கடை பெஞ்சு, இடக்கோடி, இரண்டாம் பதிப்பு, திருத்தப்படாதது). உதிர்ந்த இடமே கணக்கு என்பது மறுசாரார் (அதே பெஞ்சு, வலக்கோடி, டீ ஆறிய பின், இடக்கோடியாரின் கருத்தை முழுதாய்க் கேளாமலே எழுதப்பட்ட மறுப்புரை, மூன்று தொகுதி). பின்வந்தோர் இவ்விருவரையும் படிக்காமல், ஒருவர் அடிக்குறிப்பை மற்றவர் பெயர்த்தெழுதி முனைவர் பட்டம் பெற்றனர். நுரையை இதுவரை எவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

பரிந்துரை: போர்த்தண்ணி வீட்டார் சவரத்துக்கென்று அரைச் செம்பு நல்லதண்ணி தனியே எடுத்து வையுங்கள். கிளம்புமுன் காதைத் துடையுங்கள். பழைய பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். குப்பை அள்ளுபவர் கை கிழிய வேண்டாம்.