எளிமைக்கு ஒரு குழு

கோவை சரவணம்பட்டி ஐடி கம்பெனிகளில் எளிமைக்குத் தனி மரியாதை உண்டு. மென்பொருள் வடிவமைப்பைக் காட்ட நாலு கட்டம், மூன்று அம்புக்குறி போதும். அதை எந்தக் கருவியில் வரைவது என்று தீர்மானிக்கத்தான் குழு, துணைக்குழு, ஒப்பீட்டு எக்செல். பக்கத்துக் கணபதி பகுதியில் லேத் பட்டறைக்காரர் தகட்டில் சாக்பீஸால் கோடு போட்டே வேலையை முடித்துவிடுகிறார். பாவம், குழு இல்லாதவர்.

1997-இல் ஓஎம்ஜி அமைப்பு ஏற்றுக்கொண்ட யூஎம்எல் என்ற மென்பொருள் வரைபட முறையில் இப்போது 14 வகை வரைபடங்கள். விதிமுறை ஆவணம் 700 பக்கங்களைத் தாண்டும். ஒரு கட்டம் வரையுமுன் இதையாவது படிக்க வேண்டாமா? கருவிகளில் விசியோவைப் பட்டன்கள் அதிகம் என்று ஒதுக்கினார்கள். டிரா.ஐஓ இலவசம், அதனாலேயே சந்தேகம். 2014-இல் வந்த மெர்மெய்டில் மவுஸே வேண்டாம், எழுதினால் படமாகிவிடும். நிரலை விளக்கப் படம், படத்தை வரைய நிரல். அந்த நிரலை விளக்கவும் ஒரு படம் கேட்டார் மேலாளர். நியாயம்தானே!

"ஏனுங்க, போர்டுல வரைஞ்சு போட்டோ புடிச்சுட்டா ஆகாதுங்களா?" என்றார் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்.

அவருக்கு உடனே பயிற்சி வகுப்பு ஏற்பாடானது.

ஒருவழியாகக் கருவி தேர்வாயிற்று. மென்பொருளோ போன மாதமே வாடிக்கையாளரிடம் ஓடத் தொடங்கிவிட்டது. இப்போது அதைப் பார்த்துப் பார்த்து வடிவமைப்பை வரைகிறார்கள். அச்சு அசலாக வந்திருக்கிறதாம்.