அடுப்பின் முதற்பயன்: யாழ்ப்பாணத்துக் கூதல் குறித்த ஓர் ஆராய்ச்சி

யாழ்ப்பாணத்துக் குசினியில் இருக்கும் விறகடுப்பைச் சமையற்கருவி என்று வகைப்படுத்துவது நெடுநாள் வழக்கம். வீடு கட்டும் மேசன், நிலையம் பார்க்கும் சாத்திரியார், குடிசன மதிப்பீட்டுக்காரர் ஆகிய முத்தரப்பும் இதில் ஒன்றுபடுகின்றன. வேறெதிலும் ஒத்துப்போகாத தரப்புகள் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனால் அங்கே சந்தேகப்படுவது ஆய்வாளர் கடமை. வாடை பெயர்ந்த நாளிலிருந்து மாசிப்பனி தீரும் வரைக்கும் அந்த அடுப்பு முதன்மையாகக் கூதல் காயும் சாதனமே. சோறும் கறியும் தேத்தண்ணியும் அதன் உபவிளைவுகள். இதுவே இக்கட்டுரையின் துணிபு.

முதற்சான்று பௌதிகம் தருவது. மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பானைக்குள் போய்ச் சேர்வது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. காற்றை மறைத்துப் பக்குவமாக எரித்தால் ஒன்றரைப் பங்கு. நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 15 மெகாயூல் வெப்பம் தரும். இரண்டு கிலோ எரித்தால் 30. அரிசி காண்பது மூன்று, மிஞ்சினால் நாலரை. மிச்சம் இருபத்தைந்துக்கு மேற்பட்டது சுவருக்கும் பரணுக்கும் புகைக்கூட்டுக்கும், முன்னால் குந்தியிருப்பவரின் முழங்காலுக்கும் போகிறது. தன் வரும்படியில் பத்தில் ஒன்பது பங்கை வட்டிக்கு விட்டே சம்பாதிக்கிற ஒருவர் வெள்ளிக்கிழமைகளில் கைரேகை பார்க்கிறார் என்பதற்காக அவரைச் சோதிடர் என்று பதிவுசெய்வாரா யாரேனும்? அடுப்பு விடயத்தில் அதைத்தான் செய்துவருகிறோம்.

குடாநாட்டின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே கூதல் வரும் காலமும் விறகு நனையும் காலமும் ஒன்றே. பச்சை விறகின் நிறையில் பாதியளவு தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 2.3 மெகாயூல் செலவு. மழையில் ஊறிய பூவரசங்கொட்டன் முதலில் தன்னைத்தானே காய்ச்சிக்கொண்ட பிறகுதான் மற்றவரைக் கவனிக்கும். இதற்காகவே அடுப்புக்கு மேலே பரண் கட்டி நாளைய விறகை அதில் அடுக்குவார்கள். சோறு வடித்த பிறகும் நெருப்பை ஏன் அணைப்பதில்லை என்று கேட்டால், பரணில் இருக்கும் விறகு காயட்டும் என்று பதில் வரும். காய்வது விறகு மட்டுமல்ல என்பது அந்நேரத்தில் குசினிக்குள் எட்டிப் பார்ப்பவருக்குத் தெரியும்.

எரிபொருள் தெரிவே மிகப் பலமான சான்று. பனை இந்த ஆராய்ச்சிக்காகவே படைக்கப்பட்டதுபோல ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு பொருளைத் தருகிறது. காவோலை படபடவென்று மூண்டு ஒரு நிமிடத்தில் சாம்பலாகும். பன்னாடை நெருப்புப் பிடிக்க வைக்க உதவும். கங்குமட்டை நின்று எரியும். ஊமலோ எரிவது தெரியாமல் எரிந்து நெடுநேரம் தணலாகக் கிடக்கும். தை பிறந்ததும் பனம்பாத்தியைக் கிண்டிக் கிழங்கை எடுத்த பின், பிளந்து பூரானைத் தின்று எறிந்த ஊமல்கள் முற்றத்து மூலையில் குவிந்து காயும். தேத்தண்ணி கொதிக்க மட்டும் நெருப்பு வேண்டுமென்றால் காவோலையும் இரண்டு சிரட்டையும் தாராளம். கேத்தில் இறங்கிய பிறகு ஒருவர் நாலு ஊமலைப் பேசாமல் அடுப்புக்குள் தள்ளிவிடுகிறார் என்றால் அவர் சமைக்கவில்லை. பல்லுத் தீட்டக் கரி எடுக்க வந்தேன் என்று அவர் சொல்வதை வாக்குமூலமாக ஏற்க இயலாது. கரி எடுக்க அரை நிமிடம் போதும்; அவர் அங்கே குந்தியிருப்பதோ திருவெம்பாவைக் கூட்டம் சங்கும் சேமக்கலமுமாகத் தெருவைச் சுற்றிக் கோயிலுக்குத் திரும்பும் வரைக்கும்.

அடுப்பிலே பூனை படுத்திருக்கிறது என்றால் அந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்று பொருள். வறுமையைச் சொல்ல வந்த வழக்கு எனினும், சமையல் நின்ற பிறகும் அடுப்பு தன் வேலையைத் தொடர்கிறது என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

இனி ஆட்சேபங்கள். யாழ்ப்பாணத்தில் குளிரே இல்லையே என்பது முதலாவது. இதை எழுப்புவோர் பெரும்பாலும் ரொறன்ரோவிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் தொலைபேசியில் பேசுகிறவர்கள். தை மாத விடியலிலும் இங்கே வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது என்பது மெய். ஆனால் வெப்பமானிக்கு ஈரச் சாரம் கிடையாது, வாடையில் சைக்கிள் ஓட்டவும் வேண்டியதில்லை. இங்குள்ள வீடோ வெயிலுக்கு அஞ்சிக் கட்டியது: நடுவே வானம் பார்த்த முற்றம், சுவரில் காற்றுக்கண், வேலியில் ஆயிரம் இடுக்கு. சித்திரையில் புண்ணியமான அத்தனையும் மார்கழியில் வினையாகும். 2022 டிசெம்பரில் மாண்டஸ் சூறாவளி கடந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் குளிரில் விறைத்து மாண்டன. அவற்றிடம் யாரும் ஒஸ்லோவைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. பட்டியில் அடுப்பும் இல்லை.

குசினியை மட்டும் சூடாக்குவது வீட்டைச் சூடாக்குவதாகுமா என்பது அடுத்தது. நுவரெலியாவில் வெள்ளைக்காரர் கட்டிய பங்களாக்களில் வரவேற்பறைக்கே கணப்பு வைத்தார்கள். ஆளில்லாத கதிரைகளும் அங்கே குளிர் காய்ந்தன. யாழ்ப்பாண முறை சிக்கனமானது. வீட்டை விட்டுவிட்டு வீட்டாரை மட்டும் சூடாக்கும்.

எரிவாயு வந்துவிட்டதே என்பாரும் உண்டு. வந்தது, 2022இல் வராமலும் போனது, ஊர் முழுக்க விறகுக்குத் திரும்பியது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது, ஜாம் போத்தல் விளக்குக்கே மண்ணெண்ணெயை எண்ணி ஊற்றிய ஆண்டுகளில், விறகே துணை. அதைவிட முக்கியமானது, எரிவாயு அடுப்பு மேடைமேல் ஏறிவிட்டது. நின்றுகொண்டு யாரும் கூதல் காய்வதில்லை. 1980களில் இலங்கையில் உருவான ‘அனகி’ களிமண் அடுப்பும் இவ்வகையில் குற்றவாளியே. வெப்பத்தைச் சிந்தாமல் பானைக்குக் கொடுக்கிறது என்று அதைப் புகழ்கிறார்கள். சிந்துவதை நம்பி வாழும் முழங்கால்களை எவரும் கலந்தாலோசிக்கவில்லை.

புகை பற்றிய ஆட்சேபத்தை மட்டும் இப்படித் தட்டிவிட முடியாது. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றின் புகையால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 30 இலட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. வாடை எதிர்த்து வீசும் நாளில் புகைக்கூடு புகையை வாங்காது, திருப்பித் தரும். அதிகாலை நாலரைக்கு ஈரவிறகை ஊதாங்குழலால் ஊதிக் கண் எரிய நிற்பவர் ஒருவர்தான். தணல் பிடித்துப் புகை அடங்கிய பிறகு ஒவ்வொருவராகப் போர்வையோடு வந்து குந்துவோர் பலர். மேலே சொன்ன இருபத்தைந்து மெகாயூலை வீட்டார் பங்குபோட்ட விதத்தை எந்த ஆய்வும் இதுவரை முழங்கால்வாரியாகப் பிரிக்கவில்லை. குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் சமையலுக்கு என்ன எரிபொருள் என்ற கேள்வி இருக்கிறது. அதற்குக் கீழே கூதலுக்கு என்ன என்று ஒரு வரி சேர்த்தால் இக்கட்டுரையின் துணிபைச் சரிபார்க்கலாம். அடுப்பு மூட்டுகிறவர் யார், தணலுக்கு முதலில் வருகிறவர் யார் என்று இன்னும் இரண்டு வரிகளும் சேர்ப்பதானால், அந்தப் பக்கத்தைக் குடும்பத் தலைவரிடம் கொடுத்து நிரப்பக் கூடாது.