செவ்வாய்க்கிழமை டிக்கெட்

விமான டிக்கெட்டை வாங்கிவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட வீடு உங்கள் தெருவிலும் ஒன்று இருந்திருக்கும். எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் அறந்தாங்கி, ஆலங்குடி, கோட்டைப்பட்டினம், பொன்னமராவதி என்று எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு ஓர் ஆளாவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருந்தார். அவரை அனுப்பிவைப்பது அந்த வீட்டுக்காரர்களோடு முடிகிற வேலையாக இருக்கவில்லை. வளையலைக் கழற்றிக் கொடுத்த அத்தை, வட்டியில்லாமல் கைமாற்றுத் தந்த மளிகைக்கடைக்காரர், முறுக்குச் சுற்ற வந்த பக்கத்து வீட்டு அக்கா என்று ஊரே அதில் கை வைத்திருந்தது.

டிக்கெட் என்றால் பாய் கடை. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து, விமானம் வரைந்த தகரப் பலகை, வாசலில் ஒரு பெஞ்சு. அந்த பெஞ்சில் பாஸ்போர்ட்டைப் பாலிதீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு எப்போதும் நாலு பேர் காத்திருப்பார்கள். போனவுடனே விலை கேட்கும் வழக்கம் கிடையாது. முதலில் டீ வரும், பிறகு எந்த ஊர், யார் மகன், அப்பாவுக்குச் சுகர் எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பு. அதற்குப் பிறகுதான் பேச்சு விஷயத்துக்கு வரும்.

“போறது யாரு தம்பி?”

“பெரியப்பா மகன் பாய். சிங்கப்பூருக்கு.”

“எப்பக் கெளம்பணும்?”

“சீக்கிரமா.”

“சீக்கிரம்னா காசு கூடத்தான் ஆகும். அங்க பள்ளிக்கூடம் லீவு விடுற ஜூனு, டிசம்பரு வேணாம். தீவாளிக்கு முன்னாடி அங்கேருந்து வர்றவன் அடிச்சுப் புடிச்சு வருவான், அதே நேரத்துல இங்கேருந்து போற பிளேன் காலியாக் கெடக்கும். ஆடியில போகச் சொல்லுங்க. நம்ம சனம் ஒண்ணும் கெளம்பாது.”

கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் கடையில் இந்த வருஷக் கணக்கெல்லாம் அவர் மனப்பாடம். எந்த வாரம் கூட்டம் போகும், எந்த வாரம் திரும்பும், கொழும்பு வழியாகச் சுற்றினால் எவ்வளவு மிச்சம், கட்டுநாயக்காவில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விரல் மடக்கிச் சொல்லுவார். சொல்லிவிட்டுத் திருச்சிக்கு ஒரு எஸ்டிடி போடுவார். மறுமுனையில் இருப்பவரிடம் நமக்காக அவர் கெஞ்சுவதையும் கோபப்படுவதையும் பெஞ்சிலிருந்தே கேட்கலாம். முடிவாக ஒரு தொகை வரும், அதில் நூறோ இருநூறோ குறைத்துக்கொண்டுதான் எழுந்திருப்போம். அந்தக் குறைப்புக்கும் சேர்த்துத்தான் முதலில் சொல்லியிருப்பார் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனாலும் அந்த இருநூறு ரூபாயில் இரண்டு பக்கத்துக்கும் ஒரு மரியாதை இருந்தது.

வாரத்தின் நடுவில், செவ்வாய் புதனில், விலை இறங்கும் என்று பாய் சொல்லும்போதுதான் எங்கள் வீட்டில் சிக்கல் எழும். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். புதுக்கோட்டைக்காரனுக்குத் திருச்சி வடக்கு. காசு குறைகிற நாளில் திசை ஆகாது, திசை ஆகிற நாளில் காசு ஆகாது. அப்பத்தா தினசரிக் காலண்டரைக் கழற்றிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “பரிகாரம் பாலுன்னுதானப்பா போட்டுருக்கு” என்று தீர்ப்புச் சொன்னது. அண்ணன் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டு வாசல் இறங்கினான். மிச்சமான பணத்தில் ஒரு சூட்கேஸ் வாங்கியிருந்தோம்.

அந்த டிக்கெட்டைக் கையில் பிடித்தவர்களுக்குத்தான் அதன் சுகம் தெரியும். காசோலைப் புத்தகம்போல நீளமாக, மெல்லிய தாள்களை அடுக்கித் தைத்த ஒரு சிறு புத்தகம். ஒவ்வொரு தாளின் முதுகிலும் சிவப்பாகக் கார்பன் பூச்சு இருக்கும், புரட்டினால் விரல் நுனி சிவக்கும். மேல் தாளில் அழுத்தி எழுதிய பெயர் அடித்தாள் வரைக்கும் மங்கி மங்கி இறங்கியிருக்கும். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் ‘ஓகே’ என்று போட்டிருந்தால் இடம் உறுதி. ‘ஆர்க்யூ’ என்றிருந்தால் கேட்டிருக்கிறார்கள், இன்னும் கிடைக்கவில்லை. ஊரில் யாரைப் பார்த்தாலும் “டிக்கெட் ஓகே ஆயிருச்சா?” என்று கேட்டது அந்தக் கட்டத்தைப் பற்றித்தான். கல்லூரியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத நான், அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தெருவுக்கே படித்துச் சொன்னேன். பெயர், புறப்படும் ஊர், நேரம், இருபது கிலோ என்று நான் வாசிக்க வாசிக்கப் பெரியவர்கள் தலையாட்டிக் கேட்ட அந்த மாலையின் பெருமிதத்தை இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. அந்த டிக்கெட் புத்தகம் உலகத்துக்கே பொதுவாக இருந்தது. 2008 ஜூன் 1-ஆம் தேதியோடு விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான அயாட்டா காகித டிக்கெட் முறையை முடித்துக்கொண்டது.

எங்களுக்கு முந்தைய தலைமுறைக்கு டிக்கெட் என்றால் கப்பல் டிக்கெட். ராயவரம், அரிமளம் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் இன்னும் நிமிர்ந்து நிற்கிற பர்மாத் தேக்குத் தூண்களைத் தடவிக்கொண்டே பெரியவர்கள் ‘ரஜுலா’ கப்பலைப் பற்றிப் பேசுவார்கள். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர், மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போன பயணம். அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரமும் தீப்பிடித்த பிறகு நின்றுபோக, எங்கள் தலைமுறைக்கு ஆகாயம்தான் வழி என்றாயிற்று. பெரும்பாலும் மீட்டர்கேஜ் ரயிலில் ராத்திரி முழுக்க ஆடி ஆடி எழும்பூர் போய், லாட்ஜில் குளித்து, மீனம்பாக்கத்தில் அழுதுவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வருவோம். வழியனுப்பப் போன எட்டுப் பேரின் செலவைக் கூட்டினால் அதுவே அரை டிக்கெட் ஆகியிருக்கும். டிக்கெட்டுக்கு அவ்வளவு பேரம் பேசிய ஒருவரும் அந்தச் செலவைக் கணக்குப் பார்த்ததில்லை.

பிறகு காலம் வேகமாக ஓடிவிட்டது. 2003-இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்தது, ஒரு ரூபாய் டிக்கெட் என்ற பேச்சு டீக்கடைக்கு வந்தது. 2008 டிசம்பரில் ஏர் ஏசியா இந்தியாவுக்குள் தன் முதல் விமானத்தை இறக்கியபோது, டெல்லியையும் பம்பாயையும் விட்டுவிட்டு கோலாலம்பூரிலிருந்து நேராகத் திருச்சிக்குக் கொண்டுவந்தது. கீரனூர், மாத்தூர் வழியாகப் புதுக்கோட்டை பஸ் தினமும் உரசிக்கொண்டு போகிற அந்த விமான நிலையத்துக்குத்தான் கடல் கடந்து போகிற கூட்டம் இருக்கிறது என்று மலேசியாவில் யாரோ சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் அங்கே உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகளே அதிகம். 2024-இல் திறந்த புது முனையத்தில் கோபுரமும் கோலமுமாக வரைந்திருக்கிறார்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறது.

இப்போது பாயின் கணக்கெல்லாம் என் சட்டைப் பையில் இருக்கிறது. சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போனைத் திறந்து, மாதம் முழுவதையும் விலையோடு காட்டுகிற கட்டங்களைப் பார்க்கிறேன். திருச்சியில் கூட என்றால் மதுரை, மதுரையிலும் கூட என்றால் சென்னை. சென்னைக்கு ரயில், சாப்பாடு, அலைச்சல் சேர்த்தால் திருச்சியே லாபம் என்று பல சமயம் திரும்பி வருவேன். ஒரு விமானத்தின் இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து, கீழடுக்கு தீரத் தீர மேலடுக்கைத் திறக்கிறார்கள். அதனால் நாலு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது கீழடுக்கில் மூன்றே இடம் மிஞ்சியிருந்தால், நாலு பேருக்குமே மேலடுக்கு விலையைக் காட்டிவிடும். முதலில் ஓர் ஆளுக்கென்று தேடிப் பார்த்து, விலை வித்தியாசப்பட்டால் பிரித்து எடுக்க வேண்டும். இதை நான் எங்கள் தெருவில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் காட்டுகிற தொகையை நம்பவும் கூடாது. பெட்டிக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி, ஜன்னலோரத்துக்குத் தனி. கைப்பை ஏழு கிலோ தாண்டக் கூடாது என்பதால் கொக்கித் தராசில் பையைத் தொங்கவிட்டு, முறுக்கை எடுப்பதா ஊறுகாயை எடுப்பதா என்று வீட்டில் விவாதம் நடக்கிறது. கருவாடு மட்டும் எந்த விவாதத்திலும் வெளியே வருவதில்லை. பேரம் பேச ஆளில்லை, டீ இல்லை, அப்பாவுக்குச் சுகர் எப்படி என்று கேட்பாரில்லை. ஓடிபி வந்ததும் காரியம் முடிந்துவிடுகிறது, பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரிவதில்லை.

ஆனால் அந்தக் காலமே திரும்பட்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். அப்போது அண்ணன் போனால் மூன்று வருஷம் கழித்துத்தான் முகம் தெரியும். பெரியப்பா இறந்தபோது தந்தி போய்ச் சேர்ந்தது, அவன் வரவில்லை, வர வழியில்லை. கருமாதி முடிந்து போட்டோக்களை ஏர்மெயிலில் அனுப்பினோம். போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் விடியற்காலையில் தவறியபோது, மகன் சிங்கப்பூரில் விமானம் ஏறி நாலு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கி, சாயங்காலம் கொள்ளி வைத்தார். குறைந்த கட்டண விமானங்கள் எங்கள் ஊருக்குச் செய்த பெரிய உபகாரம் இதுதான்.

அந்த அவசர டிக்கெட்டுக்கு அவர் கொடுத்த தொகை, சாதாரண நாளில் போய்வர ஆகிற செலவைவிட அதிகம். கடைசி நேரத்தில் வருபவன் எவ்வளவு கேட்டாலும் கொடுப்பான் என்பதே அந்த விலை அடுக்குகளின் அடிப்படை. வியாபாரி பறக்கிற அவசரமும் தகப்பனுக்குக் கொள்ளி வைக்கப் பறக்கிற அவசரமும் அதற்கு ஒன்றுதான். கனடாவில் ஏர் கனடா நிறுவனம் நெருங்கிய உறவினர் இறப்புக்குப் போகிறவர்களுக்கென்று தனிக் கட்டணமே வைத்திருக்கிறது. கூலி வேலைக்குப் போனவர்களை நம்பியே நிரம்புகிற திருச்சி, சிங்கப்பூர், கோலாலம்பூர் தடத்தில் அப்படி ஒன்று ஏன் இருக்கக் கூடாது? இறப்புச் சான்றிதழைப் பிறகு காட்டச் சொல்லட்டும். எங்கள் ஆட்கள் கட்டாயம் காட்டுவார்கள்.

பாய் இப்போது இல்லை, கடையை அவர் மகன் பார்த்துக்கொள்கிறார். உம்ராப் பயணம்தான் முக்கிய வியாபாரம் என்றாலும், போனில் எடுக்கத் தெரியாத வயசானவர்கள் இன்னும் அங்கேதான் போகிறார்கள், எடுக்கத் தெரிந்த சிலரும் போகிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விமானம் ரத்து என்று குறுஞ்செய்தி வந்தால், “என்ன தம்பி பண்றது?” என்று கூப்பிட ஒரு நம்பர் வேண்டுமல்லவா? அதற்காக டிக்கெட்டுக்கு முன்னூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம் என்று நானும் இந்தத் தடவை அங்கேயே எடுத்திருக்கிறேன். இருநூறாகக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். குறைத்துக்கொண்டார்.