நாதஸ்வரம் ஏன் முங்குகிறது?

கேள்வி: கல்யாண மண்டபத்திலிருந்து மகள் போன் செய்தால் அவள் குரல் தெளிவாக இருக்கிறது. பின்னால் வாசிக்கும் நாதஸ்வரம் மட்டும் தண்ணீருக்குள் முங்கி வாசிப்பதுபோல் கேட்கிறதே, ஏன்?
– கும்பகோணம் வாசகர்

பதில்: உங்கள் போனுக்குச் சங்கீத ஞானம் கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மனிதத் தொண்டைதான்.

பழைய டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு, குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து 64,000 பிட்டுகளாக அனுப்பியது. செல்போனில் அவ்வளவு இடம் ஏது? 2ஜி ஆரம்பத்தில் ஒதுக்கியது வெறும் 13,000. அதனால் போன் சாப்பாட்டை அனுப்பாமல் சமையல் குறிப்பை அனுப்புகிறது: தொண்டை இப்படி அதிர்கிறது, வாய் இந்த வடிவில் இருக்கிறது என்று, நொடிக்கு 50 முறை. எதிர்முனை போன் அதைப் படித்துக் குரலைச் சமைத்துக்கொள்கிறது. நீங்கள் கேட்பது உங்கள் மகளை அல்ல, மகளின் அருமையான மிமிக்ரியை! நாதஸ்வரத்தையும் அது தொண்டை என்றே நம்பிக் குறிப்பு எழுதினால் வேறென்ன ஆகும்?

இந்த வித்தையை மெருகேற்றியவர்களில் ஒருவர் கான்பூரில் பிறந்த பிஷ்ணு அடல். அவரும் மன்ஃப்ரெட் ஷ்ரோடரும் 1985இல் வெளியிட்ட முறைக்கு, ஒரு நொடிப் பேச்சைச் சுருக்கவே சூப்பர் கம்ப்யூட்டருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிடித்தது. இன்று அதன் வாரிசுகள் உங்கள் சட்டைப்பையில். போன் அனுப்பும் ஒலிக்குப் பழைய மேல் எல்லையான 3,400 ஹெர்ட்ஸ், 4ஜி அழைப்பில் சுமார் 7,000 ஆகிவிட்டதால் 'ச'வும் 'ஃப'வும் பிரிந்து கேட்கும். நாதஸ்வரமும் கொஞ்சம் கரையேறும்.

இன்னொரு கூத்து: மகள் மூச்சு விட நிறுத்தும்போது கேட்கும் மெல்லிய இரைச்சல்கூட உங்கள் போன் தயாரிப்பதுதான். அதுவும் இல்லாவிட்டால், லைன் கட்டாகிவிட்டதென்று "அலோ... அலோ..." என மண்டபத்துக்கே கேட்கும்படி கத்துவீர்களே!