உட்காரும் உரிமை

2021இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டுமாம். சம்பள உயர்வு இல்லை, ஓய்வூதியம் இல்லை, ஒரு ஸ்டூல். அதற்கே சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது. அதிலும் வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைத்தால்தான் உட்காரலாம். ஜவுளிக்கடையில் நாற்பது புடவையைப் பிரித்துப் போட்ட பிறகும் "இதே கலர்ல பார்டர் மட்டும் வேற இருக்கா?" என்று கேட்கிறோமே, அதற்கு நடுவில் எங்கிருந்து வரும் வாய்ப்பு? கெண்டைக்காலில் நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

போகட்டும், ஊராட்சி மன்றத்திலாவது பெண்கள் உட்காரலாமே? 2016இலேயே உள்ளாட்சியில் அவர்களுக்குச் சரிபாதி இடம் என்றார்கள். பாவம், புருஷன்மார்களுக்கு எவ்வளவு வேலை வந்து சேர்ந்தது! பெயர்ப்பலகையில் அவள் பெயர். துண்டு விரித்த நாற்காலியில் அவர்.

"தலைவரைப் பாக்கணும்."

"சொல்லுங்க, நான்தான்."

"இல்லீங்க, அம்மா..."

"அவ அடுப்படியில இருக்கா. கையெழுத்துதானே? செக்கை வச்சுட்டுப் போங்க, ராத்திரி வாங்கி வைக்கிறேன்."

கல்வெட்டுத் திறப்பா, ஒப்பந்தக்காரர் பேச்சா, பி.டி.ஓ. ஆபீஸ் கூட்டமா, எல்லாவற்றுக்கும் அவரே. கணக்கில் ஓட்டை என்று ஊராட்சிகள் சட்டம் 205ஆம் பிரிவில் கலெக்டர் நோட்டீஸ் வரட்டும், அன்றைக்குத்தான் நம்மவருக்குப் பெண்ணுரிமை ஞாபகம் வரும். "தலைவர் அவதானே, அவளையே கேளுங்க!"

சரி, அவளே வந்து உட்கார்ந்தால்? கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவர் தரையில் அமர, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் 2020 அக்டோபரில் ஊரெல்லாம் பரவியது. பெரியார் மண், சமூகநீதி மண் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். அந்த மண்ணில்தான் அந்த அம்மாவை உட்கார வைத்திருந்தோம். படம் வெளிவராதிருந்தால் எந்த அதிகாரியின் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது.

டெல்லிக்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றிலொரு பங்கு கேட்டு 1996இல் முதல் மசோதா வந்தது; 27 வருஷம் கழித்து 2023இல்தான் அதற்கான சட்டம் நிறைவேறியது. மேஜையைத் தட்டினார்கள், ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுத்து, தொகுதிகளை மறுவரையறை செய்த பிறகே அமல் என்று அதே சட்டத்துக்குள் ஒரு பூட்டையும் மாட்டினார்கள். நாற்காலியிலிருந்து ஆம்பளையை எழுப்ப வேண்டுமென்றால் முதலில் நாட்டையே எண்ணி முடிக்க வேண்டுமாம்.

நியாயம்தானே? எம்.பி.யின் கணவருக்கு டெல்லியில் எங்கே நாற்காலி போடுவது என்று யோசிக்க அவகாசம் வேண்டாமா?