ஹெடர் மோகம்

1965 மஸ்டாங் வைத்திருக்கும் அமெரிக்கருக்கு அதன் 289 வி8 இன்ஜின் தரும் 200 குதிரைத்திறன் ஒருநாள் திடீரென்று போதாமல் போகும். அதே மஸ்டாங்கில் வந்த ஷெல்பி ஜிடி350-க்கு 306 இருந்ததே, அதில் புகை வெளியேற ஹெடர் குழாய்கள் இருந்ததே என்பார். கேம்ஷாஃப்ட், கார்புரேட்டர் எல்லாமே வேறு என்பது அவர் காதில் ஏறாது. இத்தனை காலம் வாய் திறக்காமல் அதே வேலையைச் செய்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு பரணுக்குப் போகும். ஹெடரின் நீளக் குழாய்கள் பளபளவென்று வந்து இறங்கும்.

பிறகு பிளக் ஒயர் கருகும், கேஸ்கெட் புகை கக்கும், வேகத்தடை ஒவ்வொன்றும் வண்டியின் அடிவயிற்றை விசாரிக்கும். ஸ்டார்ட்டரைக் கழற்றணுமா? முதலில் ஹெடரைத் தளர்த்து! கூடுதல் சக்தியோ பெரும்பாலும் அதிவேகச் சுழற்சியில்தான் தலைகாட்டும். இவர் ஞாயிறன்று காபி குடிக்கப் போகிறவர். 2,500 ஆர்பிஎம்-ஐத் தாண்டினாலே மனைவி முறைப்பார்.

வண்டியை விற்கும் நாளில், வாங்க வந்தவர் கேட்பார்: "ஒரிஜினல் மேனிஃபோல்டு இருக்கா?"