அவசரப்படாதீக மருமகனே!

மருமகனே, வீட்டுக்கு இன்டர்நெட் லைன் வேணும்னு திங்கக்கிழமை குறைதீர் நாள்ல கலெக்டர்ட்ட மனுக் குடுக்கப் போறீகளாமே! நல்ல காரியம். வெள்ளைச் சட்டையாப் பாத்துப் போட்டுட்டுப் போங்க. மனுவுக்கு நம்பர் போட்டு ஒரு சீட்டுத் தருவாக. அதப் பத்திரமா வச்சுக்கிருங்க, ஒங்க மகன் காலேஜ் போகையில உதவும். அதுக்கு முன்னாடி மாமன் நாலு புத்தி சொல்றேன், காது குடுங்க. படிச்ச புள்ளைக்கு இந்தப் பெருசு என்னத்தச் சொல்லப் போகுதுன்னு நெனைக்காதீக. கம்ப்யூட்டர் ஒங்களுக்குப் பழக்கம், கவர்மெண்ட் எனக்குப் பழக்கம்.

முதப் புத்தி, பொறுமை. ஒங்களுக்கு அது சுத்தமா இல்ல. 2011 அக்டோபர்லயே டெல்லி மந்திரிசபையில முடிவு பண்ணியாச்சு: நாட்டுல இருக்க ரெண்டரை லட்சம் பஞ்சாயத்துக்கும் ஃபைபர் கம்பி, 20,000 கோடி ரூபா, ரெண்டு வருசத்துல வேலை முடியணும். ரெண்டு வருசம் முடிஞ்சுச்சு, வேலை முடியல. 2015ல பேர மாத்துனாக. பாரத்நெட்னு அழகான பேரு. எந்தச் சோசியக்காரர்ட்டப் போனாலும் முதப் பரிகாரம் அதுதான? முத லட்சம் பஞ்சாயத்து முடியவே 2017 டிசம்பர் ஆயிப்போச்சு. 2023 ஆகஸ்ட்ல, திருத்துன திட்டம்னு சொல்லி இன்னொரு 1,39,579 கோடி. 20,000 கோடியில ஆரம்பிச்ச கணக்கு, அந்த ஒரு தவணையில மட்டும் ஏழு மடங்கு. நெட்டுல வேகம் இல்லேன்னு சடைக்கிறீகளே, இந்த வேகத்துக்கு எந்த நெட்டு ஈடாகும்?

சும்மா சொல்லப்படாது. ரெண்டு லட்சத்துக்கு மேல பஞ்சாயத்துக்குக் கம்பி போய்ச் சேந்திருக்கு. நம்ம மாநிலத்துலயும் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம்னு ஒன்னத் தொடங்கி, 12,525 ஊராட்சிக்கும் தலா 1 ஜிபிபிஎஸ் குடுக்குறதுக்கு 1,815 கோடியில திட்டம் போட்டாக. ஆனா இதெல்லாம் பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும். ஆபீஸுக்கும் ஒங்க வீட்டுக்கும் நடுவுல ரெண்டு தெரு இருக்கு பாருங்க, அதுதான் தாண்ட முடியாத சமுத்திரம். மெயின் கால்வாயில தண்ணி தொறந்து விட்டாச்சுன்னு மலர் தூவுறாக; மடையில இருந்து வயலுக்கு வாய்க்கா வெட்டுனது யாருன்னு கேட்டா ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்குறாக. அதுக்காக நீக கோவப்படப்படாது. நம்மூர்ப் பேரு பட்டியல்ல ஏறிருச்சுல்ல, கண்டு மகிழுங்க.

ரெண்டாம் புத்தி, ஆசையக் கொறைக்கிறது. 2018ல டெல்லியில ஒரு தொலைத்தொடர்புக் கொள்கை எழுதுனாக. 2022க்குள்ள ஒவ்வொரு குடிமகனுக்கும் 50 எம்பிபிஎஸ் வேகம்னு அதுல இருக்கு. படிச்சதும் எனக்கே கண்ணு கலங்கிருச்சு. 2022 வந்துச்சு, போச்சு. 2023ல, 2 எம்பிபிஎஸ் வந்தாலே அது பிராட்பேண்டுதான்னு அரசிதழ்ல போட்டாக. மிச்சம் 48 நம்ம பொறுமைக்கு விட்டுட்டாக. அதுக்கு முன்னால 512 கேபிபிஎஸ்ஸே போதும்னு இருந்துச்சு. அப்படிப் பாத்தா நாலு மடங்கு ஒசத்தியிருக்காக, நன்றியோட இருங்க.

மூணாம் புத்தி, காசு. “செல்போன்லதான் நெட்டு இருக்கே, வீட்டுக்குத் தனியா லைன் எதுக்கு”ன்னு ஒங்கப்பா கேக்குறாராம். நாடே அப்படித்தான் கேக்குது. 2024 கணக்குல நாட்டுல 90 கோடி இணைப்புக்கு மேல செல்போன் வழியா. வீட்டுக்குக் கம்பி இழுத்தது 4 கோடிச் சொச்சம். ஒங்க வீட்டுல நாலு போனு, நாலு ரீசார்ஜு. அதுவும் 28 நாளைக்கு ஒருக்கா. மாசம் 28 நாளுன்னு வச்சா வருசத்துக்குப் பதிமூணு மாசம் வரும். நம்ம பஞ்சாங்கத்துல கூட இல்லாத மாசம் அது. ஜனங்க முணுமுணுத்து முணுமுணுத்து, 30 நாள் பிளான் ஒன்னாவது வையுங்கன்னு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதான் டிராய், 2022ல கம்பெனிகளுக்கு உத்தரவு போட வேண்டியதாச்சு. அந்த நாலு ரீசார்ஜும் போட்டுட்டு, எங்க தங்கச்சி மக, அதான் ஒங்க பொஞ்சாதி, சிக்னலுக்காக மொட்டமாடித் தண்ணித் தொட்டி மேல லேப்டாப்ப வச்சு, தலையில துண்டப் போத்திக்கிட்டு மீட்டிங் பேசுது. பாக்குறவுக வத்தல் காயப்போடுதுன்னு நெனைக்கிறாக.

சரி, லைனே எடுக்குறீகன்னு வைங்க. விளம்பரத்துல 399 ரூபான்னு பெருசா இருக்கும். பக்கத்துல ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கும், அது ஒங்க கண்ணுக்குத் தெரியாது. அதுதான் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 470 ரூபா 82 காசு. தங்கம் வாங்குனா எவ்வளவு வரி தெரியுமா? 3 சதவீதம். அதனால கொளுந்தியா கல்யாணத்துக்கு நெக்லஸ் எடுத்துப் போடுங்க, வரி கம்மி. புள்ள ஆன்லைன்ல படிக்கிறதுதான் ஆடம்பரம். அது மட்டுமில்ல, 2002ல இருந்து டெலிபோன் கம்பெனிக வருமானத்துல நூத்துக்கு அஞ்சு ரூபா, குக்கிராமத்துக்குக் கம்பி போடணும்னே தனி நிதிக்குப் போகுது. கம்பெனிக்காரன் யார்ட்ட இருந்து வாங்கி அதக் கட்டுறான்? நம்மகிட்டதான். ஆக நீக இத்தன வருசமா வராத கம்பிக்கு வாடகை குடுத்துக்கிட்டிருக்கீக. தர்மம் தலைகாக்கும். அந்த நிதிக்கும் பேர மாத்தியாச்சு, இப்ப டிஜிட்டல் பாரத் நிதி.

டிராய்க்காரவுக மட்டும் 2021ல ஒரு நல்ல வார்த்தை சொன்னாக. கிராமத்துல லைன் எடுக்குறவுகளுக்கு மாசக் கட்டணத்துல பாதிய, 200 ரூபா வரைக்கும், நேரா பேங்க் கணக்குல போட்டுப் பாருங்க, முதல்ல சோதனையாச் செஞ்சு பாருங்கன்னாக. காகிதம் டெல்லியில பத்திரமா இருக்கும். நம்ம பாஸ்புக்குல இன்னும் என்ட்ரி விழல. பக்கத்துல கேரளாக்காரன் கேஃபோன்னு சொந்தமாவே கம்பெனி வச்சு 2023 ஜூன் 5ல தொறந்தான். ஏழைக் குடும்பம் 20 லட்சத்துக்கு இலவசம்னு இலக்கு வச்சான். அங்க இலக்கும் லைனும் இன்னும் ஒன்னுக்கொன்னு சம்மந்தி ஆகல. இருந்தாலும் கணக்க வீட்டுக்கு இத்தனைன்னு போட்டான் பாருங்க, அத மெச்சணும்.

நாலாம் புத்தி, ஜேசிபியக் கண்டா எந்திரிச்சு நில்லுங்க. ரோட்டுக்கு ஒரு இலாகா தோண்டும், குடிதண்ணிக் குழாய்க்கு இன்னொன்னு தோண்டும், ரெண்டுக்கும் நடுவுல கம்பி அறுந்து தொங்கும். ஒங்க மோடத்துல ‘லாஸ்’ங்கிற எடத்துல செவப்பு லைட்டு மினுக்குனா, எங்கயோ ஒரு ஜேசிபி நல்லா வேலை பாக்குதுன்னு அர்த்தம். ஒட்டுறது லேசுப்பட்ட காரியம்னு நெனைக்காதீக, நான் குத்தவச்சுப் பாத்திருக்கேன். ஒட்ட வர்ற பையன் ரோட்டோரம் சாக்க விரிச்சு ஒக்காந்து, மேல் தோல உரிச்சு, தலைமுடி கனத்துல இருக்க கண்ணாடி நார ஸ்பிரிட்டு தொட்டுத் தொடைச்சு, நுனிய நேரா வெட்டி மெசின்ல வைக்கிறான். சின்ன ஸ்க்ரீன்ல ரெண்டு நுனியும் கிட்டக் கிட்ட வருது, ஒரு பொறி, ஒட்டிக்கிருச்சு. ஒரு தூசி விழுந்தாலும் திரும்ப உரிக்கணும். இப்படி ஒவ்வொரு நாரா. ஜேசிபிக்கு அரை நிமிசம், அவனுக்கு அரை நாள்.

இதத் தடுக்கவும் கவர்மெண்ட் யோசிச்சிருக்கு. 2023 மார்ச் 22ல பிரதமரே ஒரு செயலியத் தொடங்கி வச்சாரு. தோண்டுறதுக்கு முன்னாடி அதுல பதிஞ்சா, கீழ கம்பி கெடந்தாச் சொந்தக்காரனுக்குச் சேதி போயிரும். நல்ல ஏற்பாடு. ஜேசிபி டிரைவர் போன்ல நெட்டு இருந்தாச் சரி.

இப்பக் கடைசிப் புத்தி. இதுல கிண்டல் இல்ல, காதக் கிட்டக் கொண்டாங்க. 2023 திட்டத்துல மூணு சமாச்சாரம் நல்லாவே எழுதியிருக்காக. ஒன்னு, கம்பிய வளையமாச் சுத்தி விடணும். ஒரு பக்கம் அறுந்தா மறுபக்கமாச் சுத்தி நெட்டு வந்துரும். ரெண்டு, போட்டவனே பத்து வருசம் பராமரிக்கணும். மூணு, அஞ்சு வருசத்துல ஒன்றரைக் கோடிக் கிராமத்து வீட்டுக்கு லைன். அத இழுத்துக் குடுக்குற உள்ளூர்க்காரருக்கு வருமானத்துல பாதிப் பங்கு. இந்த மூணாவதுலதான் உசுரே இருக்கு. 2011ல அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்துச்சே, வீட்டு வீட்டுக்கு ஒயர் இழுத்தது சென்னையில இருந்து வந்த அதிகாரியா? நம்ம கேபிள்கார அண்ணாச்சிதான? ராத்திரி பத்து மணிக்குப் படம் நின்னா யார் வீட்டுக் கதவத் தட்டணும்னு ஊருக்கே தெரிஞ்சுச்சு. நெட்டுக்கும் அப்படி ஒரு கதவு வேணும். வெல மலிவா இருந்து, வாரத்துல நாலு நாள் செவப்பு லைட்டு எரிஞ்சா அது மலிவு இல்ல, வீண் செலவு. டெல்லி கிலோமீட்டர எண்ணும், சென்னை பஞ்சாயத்த எண்ணும். ஓடுற வீட்ட எண்ண வேண்டியது நாமதான்.

அதனால மனுவ மடிச்சு வைங்க. வருசத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுது. அடுத்து வர்ற கூட்டத்துக்கு, டீயும் காராச்சேவும் வர்றதுக்கு முன்னாடியே போய் முன்வரிசையில ஒக்காருங்க. வருகைப் பதிவேட்ட நீட்டுவாக. பேனாவக் கையில பிடிச்சுக்கிட்டு, ஆனா எழுதாம, மெல்லமாக் கேளுங்க: பஞ்சாயத்துல இருக்க ஃபைபர்ப் பெட்டிச் சாவி யார்ட்ட இருக்கு? அங்க இருந்து வீட்டுக்கு இழுக்க நம்மூர்ல யாரப் போட்டிருக்கு, மாசம் வரியோட எவ்வளவு? அறுந்தா எத்தன மணி நேரத்துல சரியாகும், ஆகலேன்னா பணம் கழிப்பாகளா? மூணையும் தீர்மானமா எழுதச் சொல்லுங்க. “மொதல்ல கையெழுத்தப் போடுங்க தம்பி, அப்புறம் எழுதிக்கிறோம்”னு சிரிச்சுக்கிட்டே சொல்வாக. நீகளும் நல்லாச் சிரிங்க. சிரிச்சுக்கிட்டே, பேனாவுல மை இல்லேன்னு சொல்லுங்க.